ஒரே டிகிரியில் ஜர்னலிசம், அரசியல் அறிவியல், ஆங்கிலம்: சேரும் முன் யாரும் சொல்லாதவை

பெங்களூரு பக்கம் பி.ஏ. சேரப் போகிற தமிழ்ப் பிள்ளைகள் பலரின் கண்ணில் முதலில் படுவது ஜேபிஇ என்ற மூன்றெழுத்து. ஜர்னலிசம், பொலிட்டிக்கல் சயின்ஸ், இங்கிலீஷ். நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரு மேஜர், கூட இரண்டு அலைடு என்று பார்த்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு சேர்ந்துவிடுகிறார்கள். இங்கே மூன்றும் மேஜர். எதையும் அலைடு மாதிரி கடைசி வாரத்தில் நோட்ஸ் வாங்கித் தேற்றிவிட முடியாது. இந்தப் படிப்பை உள்ளே இருந்து பார்த்து முடித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபீஸ் கட்டுவதற்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களை எழுதுகிறேன். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

முதலில் பிராஸ்பெக்டஸ். அந்த மூன்றெழுத்தில் உள்ள பி சில கல்லூரிகளில் உளவியல். பெயரை நம்பாமல் பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள். அடுத்து, கர்நாடகாவில் 2021-22இல் தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு அமைப்பு வந்தது. 2024-25 முதல் மாநில அரசு மறுபடியும் மூன்றாண்டுக்கே திரும்பியது. தனியார் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் தங்களுக்கென்று வேறு கணக்கு வைத்திருக்கின்றன. ஆகவே சீனியர் அண்ணன் அக்கா சொல்வது அவர்கள் பேட்ச்சுக்குச் சரி, உங்களுக்குத் தவறாக இருக்கலாம். அட்மிஷன் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மூன்றாம் ஆண்டிலும் மூன்று பாடமும் தொடருமா, அல்லது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? கடைசியில் ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை தாள், எத்தனை கிரெடிட் சேரும்? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். பாடத்திட்ட அட்டவணையின் பிரதி கையில் இருக்கட்டும். டிகிரி முடிந்த பிறகு இதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வகுப்பு ஆரம்பித்ததும் வருகிற அடி பாடச் சுமையால் வருவதில்லை. மூன்று துறைகளும் மூன்று விதமாக எழுதச் சொல்கின்றன, யாரும் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஜர்னலிசத்தில் முடிவு முதல் வரியில் வந்துவிட வேண்டும். அரசியல் அறிவியலில் கேள்வியை வரையறுத்து, தரப்புகளை நிறுத்தி, ஆதாரம் காட்டி, அதன் பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். ஆங்கில இலக்கியத்தில் முடிவுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. ஒரு சொல் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே கையால் எழுதுகிறவருக்கு மூன்றிலும் சுமாரான மார்க்தான் வரும், ஏன் என்றும் புரியாது. நன்றாக எழுதுகிற பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கியவர்களுக்கு முதல் செமஸ்டர் முடிவில் வருகிற அந்தக் குழப்பமும் கூச்சமும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வருடம் இதிலேயே போய்விடுகிறது.

ஒரு வழக்கை வைத்துக் காட்டினால் புரியும். 1950இல் ரமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாநிலம். பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று மாநில அரசு 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. இது ஜர்னலிசத் தாளில் பத்திரிகைச் சட்டம் என்ற தலைப்பில் வரும். அங்கே எழுத வேண்டியது: அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது, 19(1)(ஏ)வில் உள்ள பேச்சு, கருத்துச் சுதந்திரத்துக்குள்ளேயே அது அடங்கும், அச்சடிப்பது மட்டுமல்ல, இதழை மக்களிடம் கொண்டு சேர்ப்பதும் அதில் சேரும். முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

அதே வழக்கு அரசியல் அறிவியலில் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான இழுபறியாக வரும். தீர்ப்பு வந்த மறு வருடமே, 1951இல், முதல் அரசியல் சாசனத் திருத்தம் வந்து, பேச்சுச் சுதந்திரத்துக்கு எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் 19(2)ஐ மாற்றியது. தீர்ப்பு யார் பக்கம், திருத்தம் யார் பக்கம், அதே திருத்தத்தில் வேறு எவையெல்லாம் சேர்ந்து வந்தன, 1963இல் பதினாறாவது திருத்தம் மேலும் என்ன சேர்த்தது என்று அடுக்கிக்கொண்டு போக வேண்டும். இங்கே தீர்ப்பின் முடிவை மட்டும் செய்தி மாதிரி சொல்லி நிறுத்தினால் பாதி மார்க்தான்.

ஆங்கிலத் தாளில் இந்த வழக்கு வராது. ஆனால் ஆங்கில வகுப்பில் கற்றுக்கொள்கிற வாசிப்புதான் மற்ற இரண்டு விடைகளையும் தூக்கி நிறுத்தும். மதராஸ் சட்டத்தில் இருந்த சொல் ‘பொதுப் பாதுகாப்பு’. அன்றைய 19(2)இல் இருந்ததோ அரசின் பாதுகாப்பைக் குலைப்பது, அரசைக் கவிழ்ப்பது என்ற அளவிலான சொற்கள். முதலாவது அகலம், இரண்டாவது குறுகல். நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்த இடைவெளியைத்தான். திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைச் சேர்த்து இடைவெளியை அடைத்தது. கூடவே கட்டுப்பாடுகளுக்கு முன்னால் ‘நியாயமான’ என்ற அடைமொழியையும் வைத்தது. அந்த ஒரு அடைமொழியைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு வந்த பல வழக்குகள் நடந்தன. இதைக் கவனிக்கிறவருக்கு மூன்று பாடமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். சேர்ந்த முதல் மாதமே ஒரே ஒரு விஷயத்தை எடுத்து மூன்று விதமாகவும் தலா ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தந்தத் துறை ஆசிரியரிடமே காட்டுங்கள். நோட்ஸ் கட்டு கட்டாகச் சேர்ப்பதைவிட இது பலன் தரும்.

ஜர்னலிசம் தாள்களைப் பற்றி. லீட், அதாவது செய்தியின் முதல் வரி, எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் திட்டு வாங்குவார்கள். ‘நகராட்சி மன்றக் கூட்டம் தலைவர் தலைமையில் நேற்று நடைபெற்றது’ என்று ஆரம்பித்தால் ஆசிரியர் அங்கேயே கோடு கிழிப்பார், கிழிக்கவும் வேண்டும். ‘குடிநீர் இணைப்புக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் நகராட்சி மன்றத்தில் 14க்கு 9 என்ற வாக்கில் நிறைவேறியது’ என்பது லீட். கூட்டம் நடந்தது செய்தியாகாது, அங்கே என்ன மாறியது என்பதுதான் செய்தி. அடுத்துப் பெயர்கள். நம்மவர்கள் பெயரில் இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஆங்கிலத்தில் ‘எச்’ வருமா வராதா என்று பேட்டி முடிவில் எழுதிக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பதவியின் முழுப்பெயரையும் கேளுங்கள். பிறகு எண்கள். ஒரு கட்சியின் வாக்கு 30 சதவீதத்திலிருந்து 36 ஆனால் உயர்வு 6 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 20. இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிற தவறு ஜர்னலிசத் தாளிலும் அரசியல் அறிவியல் தாளிலும் ஒருசேர மார்க்கைத் தின்னும்.

லேப் ஜர்னல் என்று ஒன்று வரும், மாணவர்களே தயாரிக்கும் பத்திரிகை. எடிட்டர் யார் என்று சண்டை போட்டே வாரக்கணக்கில் ஓடிவிடும், கடைசி இரவில் பக்கம் போடுவார்கள். அப்போது வெடிப்பவை எப்போதும் அதே சிக்கல்கள்தான். தாளை மடித்து அடுக்குவதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 8 அல்லது 12. பத்துப் பக்கத்துக்குத் திட்டம் போட்டால் இரண்டு பக்கத்தை இட்டு நிரப்ப வேண்டும், அல்லது வெட்ட வேண்டும். அச்சுக்குப் படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும் என்றால், 15 செ.மீ. அகலத்தில் வரும் படத்துக்குக் குறைந்தது 1,772 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்பை அப்படியே பென் டிரைவில் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனால் ஃபான்ட் இல்லை, படத்தின் இணைப்பு அறுந்துவிட்டது என்று திரையில் வரும். ஃபான்ட், படங்கள் எல்லாவற்றையும் கோப்போடு சேர்த்து பேக்கேஜ் செய்து எடுத்துப் போங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றும். அச்சடித்த பிறகு கண்டுபிடிக்கிற தலைப்புப் பிழைக்கு மறு அச்சுக் காசு உங்கள் கையிலிருந்துதான் போகும். அதனால் பக்கத்தை எழுதாத, வடிவமைக்காத ஒருவர் காகிதத்தில் பிரின்ட் எடுத்துப் படிக்க வேண்டும். திரையில் எத்தனை பேர் பார்த்தாலும் பெரிய எழுத்துத் தலைப்பில் உள்ள பிழை தப்பித்துவிடும், ஏனோ தெரியாது.

வீடியோ புராஜெக்ட்டில் நேரத்தைத் தின்பது வேறு வகை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் படம் அமைதியாக இருக்கும். போன்கள் பெரும்பாலும் 30 ஃப்ரேமில் எடுக்கும். அதனால் பின்னணியில் வெளிச்சக் கோடுகள் அலையலையாக ஓடும், எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. இரண்டு பேர் கேமராவிலும் ஒருவர் போனிலும் எடுத்து ஒன்றாகச் சேர்த்தால் அசைவு தத்தித் தத்திப் போகும். போன் வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்குவதால் நீண்ட பேட்டியில் உதடும் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும் சிக்கலும் உண்டு. எடிட்டில் போடும் முன் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். படப்பிடிப்புக்குக் கிளம்பும் முன் எல்லோருக்கும் ஒரே அமைப்பு, ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், கிளம்பி வரும்போது யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் சத்தம் அரை நிமிடம் பதிவு. இவ்வளவும் சேர்ந்து பத்து நிமிட வேலை.

அரசியல் அறிவியலில் முதல் வருடம் கோட்பாடு: ஹாப்ஸ், லாக், ரூசோ போன்ற ஐரோப்பிய சிந்தனையாளர்கள். வறட்சியாக இருக்கிறது என்று பலர் கைகழுவிவிடுவார்கள். அங்கே பொறுமையாக இருந்தால் பிறகு இந்திய அரசியல் தாளில் ஒவ்வொரு வழக்கும் எந்த வாதத்தின் தொடர்ச்சி என்று பிடிபடும். ஆனால் இந்தப் பாடத்தில் உண்மையான லாபம் மூல ஆவணங்களைப் படிக்கும் பழக்கம். தேர்தல் பற்றிய புராஜெக்ட்டுக்கு நாளிதழ் கட்டுரைகளை வெட்டி ஒட்டாதீர்கள். வாக்குச்சாவடி வாரியான முடிவு படிவம் 20இல் இருக்கிறது, வேட்பாளரின் சொத்தும் வழக்குகளும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கின்றன. இரண்டும் தேர்தல் ஆணையத் தளங்களில் கிடைக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள் வரை பட்டியலிடப்படும். எல்லோரும் முதல் வகையைத்தான் தேடுகிறார்கள், அவையில் வாய்மொழிப் பதிலும் துணைக்கேள்வியும் இருப்பதால். மாநில வாரி அட்டவணைகள் இணைப்பாகக் கிடப்பதோ பெரும்பாலும் இரண்டாம் வகையில். ஒரு புராஜெக்ட்டுக்கு வேண்டிய தரவும் ஒரு செய்திக்கான விதையும் அங்கேயே கிடைக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி ஏதாவது செய்யலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். நல்ல ஆசை, ஆனால் காலண்டரைப் பாருங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதை முடிக்க இன்னும் 30 முதல் 45 நாள். கூட்டிப் பாருங்கள், செமஸ்டர் முடிந்துவிடும். அதனால் தலைப்பு முடிவாகும் முன்பே, செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மனு போய்விட வேண்டும். ஏன் செய்தீர்கள், ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் வராது. கோப்பின் நகல், பதிவேட்டின் பக்கம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையான செலவு விவரம் என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 500 சொல். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய அவசியம் சட்டப்படி கிடையாது, கவுண்டரில் மிரட்டினாலும். தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

பத்திரிகைச் சட்டத் தாளுக்குப் பழைய கைடு வாங்குவது வீண் செலவு. 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அவதூறு இப்போது 499, 500 அல்ல, 356. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற 228ஏ இப்போது 72. இந்தக் கடைசிப் பிரிவு மட்டும் தேர்வுக்கு மேலே முக்கியம். மாணவர் பத்திரிகை, இன்ஸ்டா பக்கம் என்று விதிவிலக்கெல்லாம் இல்லை. பெயரை மட்டும் மறைத்துவிட்டு தெரு, பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் போட்டால் அதுவும் அடையாளம்தான். குழந்தைகள் என்றால் போக்ஸோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும்.

ஆங்கிலத்தில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இருக்கிற பயம் எனக்குத் தெரியும், ஆனால் அது தவறான இடத்தில் இருக்கிற பயம். உச்சரிப்பும் பெரிய சொற்களும் அங்கே யாரையும் காப்பாற்றுவதில்லை. முன்பின் பார்க்காத கவிதையைக் கொடுத்து எழுதச் சொல்லும் தாளில் பெரும்பாலோர் கவிதையின் பொருளைச் சொந்த வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஜர்னலிசக் கை அங்கே தானாகச் சுருக்கம் எழுதும். கேட்பது அதுவல்ல: இந்தச் சொல்லை எடுத்துக்காட்டி, வரி ஏன் இங்கே உடைகிறது, குரல் எங்கே மாறுகிறது என்று காட்ட வேண்டும். தொல்காப்பியமும் சங்கப் பாடலும் உரையோடு படித்தவர்களுக்கு இது புதிய வித்தை இல்லை. திணை, துறை, கூற்று என்று பிரித்துப் பார்த்த அதே கண்தான். அடுத்து நாவல்கள். மணிக்கு 30 பக்கம் என்று வைத்தாலும் 300 பக்க நாவலுக்குப் பத்து மணி நேரம். ஒரு செமஸ்டரில் இரண்டு மூன்று வரும், அதே வாரங்களில் லேப் ஜர்னலும் வரும். விடுமுறையில் நாவல்களைப் படித்து முடித்து, மேற்கோள் எடுக்க வேண்டிய பக்கங்களைக் குறித்து வைத்தவர் மட்டும்தான் அந்த வாரங்களில் தூங்குவார்.

வருகைப்பதிவு 75 சதவீதம் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. ஜர்னலிச வேலைக்காக வெளியே போனது அரசியல் அறிவியல் துறைக்குத் தெரியாது, தெரிந்தாலும் கணக்கில் வராது. ஒவ்வொரு வெளி வேலைக்கும் முன்கூட்டியே கையெழுத்திட்ட ஓடி (ஆன் டியூட்டி) கடிதம் வாங்கி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ன்ஷிப்பைச் செமஸ்டர் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பு போச்சு, இன்டர்னல் மார்க் போச்சு, பல இடங்களில் சம்பளமும் கிடையாது. காசு கேட்டுவிட்டு இன்டர்ன்ஷிப் தருகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் போட்டால் பைலைன், அதாவது செய்தியோடு தங்கள் பெயர், வராது என்று வருத்தப்படுவார்கள். அனுமதி கேட்டு, திருத்துவதற்கு முன்பும் பின்பும் உள்ள காப்பியை வைத்துக்கொண்டால் வேலை நேர்காணலில் பைலைனைவிட அது அதிகம் பேசும். வெளியான கட்டுரைகளை லிங்க்காக மட்டும் வைக்காமல் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். தளம் மாறினால் லிங்க் செத்துவிடும்.

இப்போது கிரெடிட் கணக்கு. இளங்கலையில் மூன்று மேஜர் படித்தவர் முதுகலைக்கு மூன்றில் எதற்கும் போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சில பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தில் இத்தனை தாள், இத்தனை மார்க் என்று தனியாகக் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டி, நுழைவுத் தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று போனால் கட்டணம் திரும்ப வராது, ஒரு கல்வியாண்டும் போய்விடும். தமிழ்நாட்டில் பி.எட்., ஆசிரியர் பணி என்று நினைப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். உங்கள் டிகிரி பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானதா என்பதை அரசாணைதான் தீர்மானிக்கும், கல்லூரி முதல்வர் கொடுக்கும் கடிதம் அல்ல. சேரும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. குடிமைப் பணித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அரசியல் அறிவியல், ஆங்கில இலக்கியம் இரண்டும் விருப்பப்பாடப் பட்டியலில் உண்டு, ஜர்னலிசம் இல்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மூன்றுமே உண்டு, ஆனால் அதற்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

கடைசி செமஸ்டரில் ஃபேர்வெல் ஏற்பாட்டுக்கு நடுவில் ஒரு நாள் ஒதுக்கி அலுவலகத்துக்குப் போய், மூன்று பாடத்துக்கும் தனித்தனியாக மார்க் தெரியும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கும், நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தில் முத்திரை வைத்த நகலுக்கும், மைக்ரேஷன் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். பாடத்திட்ட நகலை அப்போது எதற்கு என்று கேட்பார்கள். பாடத்திட்டம் ஒருமுறை மாறிவிட்டால் பழையதைத் தேடி எடுத்துத் தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது, நீங்கள் அப்போது வேறு ஊரில் இருப்பீர்கள்.